அம்மா இப்போது தூங்குகிறாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் என்று நினைத்துவிடாதே, இந்தத் தடவை நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்துகொண்டே உன்னை உதைக்கிற குட்டியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அப்பாவுக்கு ஏன் இந்தத் திடீர்க் கடிதம் என்று யோசிப்பாய். போனில் ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள், அப்புறம் அழுவாள், அங்கே நீ அழுவாய், நடுவில் நான் முழிக்க வேண்டும். நீங்களே எழுதிடுங்க, எனக்கு வாய் வராது என்று அவளே சொல்லிவிட்டாள்.

பிரசவத்துக்கு வாம்மா என்று நீ கேட்டபோது முட்டி வலி, அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது என்று சாக்குச் சொன்னாள் இல்லையா. ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் தூக்கி வளர்த்தவளுக்கு என் பிள்ளைன்னா மட்டும் முட்டி வலிக்குதா என்று நீயும் கேட்டுவிட்டாய். அன்றிலிருந்து என்னோடுதான் பேசுகிறாய், அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கப்பா என்று போனை வைத்துவிடுகிறாய். உன்மேல் தப்பில்லை, எனக்கே அவள்மேல் கோபம்தான். குழந்தைகள் காப்பக வேலையைத் திடீரென்று விட்டுவிட்டு வந்தாள், ஏன் என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வீட்டிலும் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். காய் நறுக்கும்போது தூக்கம், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம். என் பேச்சு அந்த லட்சணம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ராத்திரிக் குறட்டை உனக்குத் தெரிந்ததுதானே. நாள் முழுக்கத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அது ஒரு சத்தமா? ஒருநாள் கடையிலிருந்து சாப்பிட வந்தால் வீடெல்லாம் புகை, அடுப்பில் பாத்திரம் கருகிக்கொண்டிருக்கிறது, இவள் பக்கத்திலேயே நாற்காலியில் கண்மூடிக் கிடக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. எழுப்பி, முகம் கழுவ வைத்து, அப்படியே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா நிதானமாக விசாரித்தார். பகலில் வேறு எங்கேயாவது இப்படித் தூங்கியிருக்கிறீர்களா என்று கேட்டதும் இவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். காப்பகத்தில் ஒரு மதியம் கைக்குழந்தையை மடியில் போட்டுப் பால் புகட்டும்போது அப்படியே கண் அயர்ந்துவிட்டாளாம், குழந்தை நழுவியிருக்கிறது. கூட வேலை செய்கிற பெண் பாய்ந்து பிடித்துவிட்டாள், ஒரு கீறல்கூட இல்லை, யாரும் இவளை ஒரு சொல் சொல்லவும் இல்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். என் மகளோட குழந்தையைக் கீழே போட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு இருக்கணும் டாக்டர் என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். முட்டியாவது வலியாவது! உன் குழந்தைக்குப் பயந்துதான் உன்னிடம் வரமாட்டேன் என்றிருக்கிறாள்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத் தூக்கத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். தலையிலும் மார்பிலும் வயரை ஒட்டி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் படுக்க வைத்தார்களாம். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, பொட்டுக்கூடத் தூங்காமல் விடிய விடிய முழித்துக் கிடந்திருக்கிறாள். அந்நியர்கள் முன்னால் குறட்டை விடக் கூடாதாம். காலையில் அங்கிருந்த டெக்னீஷியன் பெண்ணிடம், பாத்தியாம்மா, ஒரு சத்தம் வந்துச்சா என்று பெருமை வேறு. பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி வெளியே வந்தாள், எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. திரும்பவும் ஒரு ராத்திரி போக வேண்டியதாயிற்று. அந்தப் பெண் கெட்டிக்காரி, அம்மா, நீங்க குறட்டை விட்டாத்தான் எனக்கு இங்க வேலையே, என் பிழைப்பைக் கெடுத்துடாதீங்க என்றாளாம். இவள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போய்விட்டாள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது, ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது, ராத்திரி முழுக்கப் படுத்தே கிடந்தாலும் தூங்கினதாகக் கணக்கில்லை என்று டாக்டரம்மா விளக்கினார். உங்க கவனக்குறைவு இல்லம்மா, இது ஒரு வியாதி, சரிபண்ணிடலாம் என்று அவர் சொன்னபோது அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து குழாய் வழியாகக் காற்று வந்து தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது, மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொள்ள வேண்டும். முதலில் பெரிய ரகளைதான். பெரிய மாஸ்க் கன்னத்தை அழுத்துகிறது என்று தூக்கத்திலேயே பிய்த்து எறிந்தாள், மூக்கை மட்டும் மூடுகிற சின்னது மாற்றிக் கொடுத்த பிறகுதான் ஒத்துப்போனது. காற்று மூக்கை உலர்த்தாமல் இருக்க மெஷினுக்குள் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்றார்கள், நான் கடையில் பேட்டரிக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்தேன், என்னை என்ன லாரின்னு நெனச்சீங்களா என்று ஒரே சண்டை. டெக்னீஷியன் பெண்ணும் போனில் திட்டினாள், சார், மருந்துக் கடையில விக்கிறதை வாங்குங்க, மெஷின் மேல கையே வைக்காதீங்க என்று. எனக்கும் கை பரபரக்கத்தான் செய்கிறது, ஆனாலும் வைக்கவில்லை. மோட்டார் நல்ல மோட்டார்தான், சத்தமே இல்லை.

அம்மாடி, இப்போது அவள் தூங்குகிறாள். காலையில் தானாக எழுந்து முகம் தெளிவாக வருகிறாள். சீரியலை முழுசாகப் பார்த்து எனக்குக் கதை சொல்கிறாள், என் நிம்மதி போனது. போன வாரம் டாக்டரம்மா மெஷினில் பதிவானதையெல்லாம் பார்த்தார், பகல் தூக்கம் சுத்தமாக நின்றுவிட்டதா என்று என்னையும் தனியாகக் கேட்டார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், குழந்தையைத் தூக்கலாமா என்று. ராத்திரி தவறாமல் மாஸ்க்கை மாட்டினால் தாராளமாகத் தூக்கலாம் என்றார். அங்கிருந்து நேராகக் காப்பகத்துக்குப் போய், அன்று பாய்ந்து பிடித்த அந்தப் பெண்ணிடமே ஒரு குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டது, இவள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கனமான எதையும் தூக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. மாப்பிள்ளையிடம் அம்மா படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். நீயும் பிள்ளையும் குறையில்லாமல் நன்றாக இருப்பீர்கள், எங்கள் இரண்டு பேர் மனசும் அங்கேதான் இருக்கிறது. மறக்காமல் ஒன்று செய். அவளாக வருகிறேன் என்று சொல்ல மாட்டாள், கூப்பிட்டப்போ மாட்டேன்னுட்டு இப்ப எந்த முகத்தோட சொல்றது என்கிறாள். என்னைக் கூப்பிடாதே, அம்மா நம்பருக்கே கூப்பிடு, வாம்மா என்று இன்னொரு தடவை சொல். பகலில் எப்போது கூப்பிட்டாலும் விழித்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா