நடுவரிடம் நான் கேட்டது

ஜனவரி 9, 2025
கிளப்பிலிருந்து போன். நான் ஆடிய காலத்துப் பதினேழாம் எண் சட்டையை எனக்கு மரியாதையாக ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் கூரையில் ஏற்றப்போகிறார்களாம். பிராட்டிஸ்லாவாவிலிருந்து டிவிக்காரர்களும் வருகிறார்கள். என் மனைவி மிலாடா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஜனவரி 12
தூக்கமில்லை. முழங்கால் வலி என்று மிலாடாவிடம் சொன்னேன்.

ஜனவரி 15
விழாவுக்கு அழைப்பவர்கள் பட்டியலில் என் அணியில் ஆடிய திபோர் பெயரை எழுதினேன். மிலாடா பேனாவைப் பிடுங்கி அந்தப் பெயரை அடித்துவிட்டாள். "ஒருத்தன் கண்ணைக் கெடுத்தவன். அவன் வந்தா நான் வரல." இருபத்திரண்டு வருடமாக இதே பேச்சு. ஒருநாளாவது வாயைத் திறந்தேனா?

ஜனவரி 16
எழுதியே விடுகிறேன். 2003, அரையிறுதி. மூலையில் தள்ளுமுள்ளு. எதிரணிக் கமிலின் கண்ணில் பட்டது என் மட்டை. தெரியாமல் பட்டது — இல்லை, கோபத்தில் ஓங்கினேன். நடுவரோ, என் பக்கத்தில் நின்ற திபோர்தான் அடித்தான் என்று நினைத்து அவனை வெளியேற்றினார். எங்கள் அணியில் நடுவரிடம் போய்ப் பேசும் உரிமை கேப்டனுக்குத்தான். கேப்டன் நான். போனேன். திபோருக்காக வாதாடுகிறேன் என்று அரங்கமே நினைத்தது. நான் கேட்டது, "இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?"

திபோருக்கு ஒரு வருடத் தடை. அப்புறம் எந்த கிளப்பும் அவனைக் கூப்பிடவில்லை. இப்போது அதே அரங்கத்தில் பனித்தரையைச் சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறான். நான் இன்னும் ஒன்பது வருடம் ஆடினேன். இரண்டு கோப்பை வேறு.

ஜனவரி 24
திபோரிடம் சொல்லிவிட்டேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.
"தெரியும்டா. பக்கத்துலதானே நின்னேன்."
"அப்போ ஏன்டா சொல்லல?"
"சொன்னேனே. கேப்டனே உண்மையைச் சொல்லாம நிக்கிறப்போ எவன் நம்புவான்? தள்ளி நில்லு, பூட்ஸ் நனையுது."
பாவி, ஓர் அறை விட்டிருக்கலாம்.

பிப்ரவரி 1
விழாவில் மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். கமில் பெயர், திபோர் பெயர், கடைசியில் என் பெயர். நாலாயிரம் பேரில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. சட்டை மேலே போகவில்லை.

பிப்ரவரி 2
காலையில் மிலாடா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.
"திபோர் பொண்டாட்டி என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவ. அவ செத்தப்போ அடக்கத்துக்குக்கூட நான் போகல. நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"
நானும் வருகிறேன் என்று பூட்ஸைத் தேடினேன்.
"நீ வராதே," என்றாள். தனியாகத்தான் கல்லறைத் தோட்டத்துக்கு பஸ் ஏறினாள்.