சொல் எழுதாத ஓலை

நலம் பெருகுக. மலைக்கு மழை தவறாதிருக்க. வயலுக்கு நீர் தவறாதிருக்க.

செந்நெல்வளநாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், ஆறு பிரியும் இடந்தோறும் தம் பெயரால் அணை கண்டவரும், பகைவர் முடியைப் படிக்கல்லாக இட்டு ஏறியவருமாகிய மாவலங்கோ மன்னர் திருமுன், மூங்கிற்கணவாய் நாட்டை ஆளும் வேள்மகள் காரிநங்கை வணங்கி எழுதும் ஓலை. தங்கள் கோயிலும் கோட்டையும் ஆனிரையும் நலமே இருக்க. எம் நலமும் கேட்டு எழுதியிருந்தீர்கள். இருக்கிறோம்.

தங்கள் தூதர் நன்னாகனார் நேற்று வந்து ஓலையைத் தந்தார். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் வானம் பொய்த்ததும், வயல்கள் வெடித்துக் கிடப்பதும், எம் மேலேரியின் மதகைத் திறந்தாலன்றி இவ்வாண்டு விளைச்சல் வீடு வந்து சேராது என்பதும் அறிந்தோம். ஓலையின் கடைசி வரியில் 'நீர் ஈக' என்று இருந்ததைத் தூதர் விரல் வைத்துக் காட்டினார். எங்கள் வேந்தர் பிறந்தது முதல் எவருக்கும் எழுதாத சொல் இது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எமக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கீழ்நாட்டு வழக்கம் எமக்கு இப்போது தெரியும். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ என்றும், நிகரானவர் கேட்டால் தா என்றும், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் கொடு என்றும் சொல்ல வேண்டும். மன்னர் தந்தால் வழங்கினார், புலவர்க்குத் தந்தால் நல்கினார், தெய்வத்தின் முன் வைத்தால் படைத்தார். நல்ல வழக்கம்தான். சொல்லுக்கொரு படியும் படிக்கொரு ஆளும் வைத்திருக்கிறீர்கள்.

எம் மலையில் அந்தப் படிகள் இல்லை. வழியில் எதிர்ப்படுபவரிடம் வெற்றிலை தா என்போம். மாமனிடம் பெண்ணைத் தா என்போம். குன்றத்துத் தெய்வத்தின் முன் நின்று, மழையைத் தாயேன், உனக்கென்ன கேடு என்று சண்டையும் பிடிப்போம். எம் மகள் வள்ளை பேச வந்ததும் முதலில் சொன்னது அம்மா, அடுத்தது தா. நிலவைக் காட்டினாலும் தா, நெருப்பைக் காட்டினாலும் தா. உன் மகள் நாட்டையே கேட்டு வாங்கிவிடுவாள் என்று ஊரார் எம்மைக் கேலி செய்வார்கள்.

சென்ற ஆண்டு மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் பஞ்சம் என்பது மலையில் எல்லாரும் அறிந்தது. விதைத் தினையும் போயிற்று. அப்போதுதான் எம் தம்பி கொற்றனிடம் ஓலை கொடுத்துத் தங்களிடம் அனுப்பினோம். 'எம் மக்கள் பசித்திருக்கிறார்கள், நெல் தருக' என்று எழுதியிருந்தோம். தங்கள் ஓலைநாயகம் அறிவாழியார், மலைநாட்டார் எந்நாள் முதல் எம் மன்னருக்கு நிகரானார்கள் என்று கேட்டு, அந்தச் சொல்லின்மேல் கரிக்கோடு இழுத்து ஓலையைத் திருப்பினார். நெல்லேற்றிய வண்டிகள் களஞ்சிய வாசலில் பூட்டியபடி நின்றதைக் கொற்றன் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான்.

பணிவு போதவில்லை போலும் என்று நினைத்து, எம் எழுத்தர் இரண்டாம் ஓலையில் 'கொடுத்தருள்க' என்று எழுதினார். அருள் என்று சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாவம் அவர் எண்ணம். இப்போது மன்னருக்கே கட்டளையா என்று அதுவும் திரும்பி வந்தது. கொற்றன் கோட்டை வாயிலில் மண்டியிட்டு, எந்தச் சொல் வேண்டுமோ அதைத் தாங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று மன்றாடியிருக்கிறான். ஓலையைத் திருத்தும் உரிமை அனுப்பியவர்க்கே உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் வழக்கமாம். கீழே இறங்கவும் மேலே ஏறவும் எம் வழி எவ்வளவு நீளம் என்பதைத் தங்கள் தூதரிடம் கேட்டால் சொல்வார்.

அந்நாட்களில் வள்ளை முதலில் சோறு தா என்றாள். பிறகு கஞ்சி தா என்றாள். பிறகு தண்ணீர் தா என்றாள். அது எம்மிடம் இருந்தது, தந்தோம். அதன்பின் எதுவும் கேட்கவில்லை. எம் முகத்தைப் பார்த்துக் கையை மட்டும் விரித்து வைத்திருந்தாள்.

மூன்றாம் ஓலையில் 'ஈக' என்று எழுதினோம். வண்டிகள் வந்தன. நல்ல நெல், பதரே இல்லை. உயிரோடிருந்தவர் எல்லாரும் உண்டோம். யாமும் உண்டோம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஓலை பொய்யாகிவிடும்.

நேற்று தங்கள் ஓலை அவையில் படிக்கப்பட்டபோது கொற்றன் எழுந்தான். "அக்கா, மதகு இப்போ நம்ம கையில இருக்கு. அவங்க செஞ்ச மாதிரியே ஒரே ஒரு தடவை இந்த ஓலையத் திருப்பி அனுப்பு. சொல்லு சரியில்லைன்னு சொல்லு, போதும்" என்றான். அவையில் அவனை மறுத்தவர் ஒருவருமில்லை. அவர்கள் வீடுகளிலும் விரித்த கைகள் இருந்தன. யாம் தம்பியின் முகத்தைப் பார்த்தோம். அவன் கேட்டது நியாயமாகவே பட்டது. எமக்கும் கோபம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

தூதர் தங்கள் பட்டப்பெயர்களைச் சொல்லத் தொடங்கியபோதே மதகுக்காரர்களை மேலேரிக்கு அனுப்பியாயிற்று என்று அவையில் சொன்னோம். வந்த காரியத்தை அவர் வாயிலிலேயே சொல்லியிருந்தார்; கடைசி வரி மட்டும் அப்போது எமக்குத் தெரியாது. கொடு என்று இருந்திருந்தாலும் மதகு திறந்திருக்கும். இரக்கத்தால் திறந்தோம் என்று யாரும் பாட வேண்டாம். அவ்வளவு மனம் எம்மிடம் மிச்சமில்லை. தண்ணீர் கேட்டார்கள், தண்ணீர் இருந்தது. கொற்றன் அவையை விட்டு வெளியேறினான். இன்னும் எம்மோடு பேசவில்லை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே தண்ணீர் முன்னே வரும், ஓலை பின்னே வரும். இதைத் தங்கள் அவையில் படிக்கும் வேளையில் கடைமடை வரை வயல் நனைந்திருக்கும்.

இனி எம் சொல் ஒன்று. ஈ, தா, கொடு என்ற மூன்றில் எதில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஓலையோடு எழுத்தாணி படாத வெற்றோலை ஒன்றைக் கட்டி அனுப்புகிறோம். அதைத் தங்கள் களஞ்சிய வாசலில், ஓலைநாயகத்தின் கண்ணில் படும்படி தொங்கவிடுக. மலையிலிருந்தோ, வேறு எந்தத் திசையிலிருந்தோ அதுபோன்ற ஓலை வந்தால், அதில் என்ன சொல் இருக்கிறது என்று கேளாது வண்டி பூட்டுக.

மூங்கில் முத்திரை இட்டோம். ஓலை காரிநங்கையுடையது. வெற்றோலை வள்ளையுடையது, கடைசியாக அவள் கேட்டது அவ்வளவுதான்.