முரசில் ஒலித்த நாற்பத்தோராம் பெயர்

நெல்லும் நீரும் நிறைக. ஏழு ஏரிகளை உடையவரும் கடுங்கோட்டையை வென்றவருமான மருதூற்று மன்னர் கோ இளநாகவேளின் ஆட்சியாண்டு பதினொன்றாவதில், அவருடைய அமைச்சன் ஏனாதி நன்னாகன், வெள்ளருவி நாட்டுச் சபைத் தலைவி காரிநங்கையார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளில் தினை விளைக; தங்கள் சுனைகள் வற்றாதிருக்க; தங்கள் குடிகளின் பிள்ளைகள்... இவ்விடத்தில் எழுத்தாணி நின்றுவிட்டது, அம்மையீர். பிள்ளைகள் நலம் என்று வாழ்த்தும் தகுதி இவ்வோலை விடுப்பவனுக்கு இல்லை. 'நாம்' என்று எழுதும் வழக்கத்தையும் அவன் விட்டான், வாய் கூசுகிறது. இனி இதில் அவன் அமைச்சன் என்றே சொல்லப்படுவான்.

சென்ற ஆண்டு மன்னர் வெள்ளருவியில் பிள்ளைகளுக்கெனக் கஞ்சிச்சாலை திறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மூன்று திங்களாகியும் ஒரு பிள்ளை வரவில்லை. அதைக் கண்ட அமைச்சன் என்ன நினைத்தான்? அந்நாட்டில் பசியே இல்லை என்று நினைத்தான்! அதையே அவையில் எழுந்து நின்று சொல்லவும் செய்தான். மன்னரும் மகிழ்ந்து 'பசியறுத்தான்' எனப் பட்டம் கட்டினார். அடடா, அந்தப் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அவன் நடந்த நடையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பின்னர்த் தாங்களே ஓலை விடுத்து, சாலை வாயிலில் குடிப்பெயர் சொல்லிக் கையேந்த மானமுள்ளோர் வாரார் என்று உணர்த்தினீர்கள். சுருக்கென்று தைத்தது. மருத்துவச்சியர் சபையின் பிறப்போலையும், ஏரிச் சபையின் கரைவேலை ஓலையும், பள்ளிச் சபையின் வருகை ஓலையும் தனித்தனிக் குடங்களில் முத்திரையிட்டுக் கிடந்தன. ஒரு சபையின் குடத்தை மறு சபை திறப்பதில்லை. அமைச்சன் மூன்றையும் வருவித்து ஒரே பாயில் பரப்பச் செய்தான். மெலிந்து பிறந்த பிள்ளை எந்த வீட்டில், கரைவேலையில் மயங்கி விழுந்தவர் எந்த வீட்டில், பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளை எந்த வீட்டில் என்று ஒப்பிட்டபோது, மூன்றிலும் அதே நாற்பத்தொரு வீடுகள் வந்தன. ஒவ்வொரு சபையும் ஒவ்வொன்றை அறிந்திருந்தது. முழுப் பசியை எவரும் அறியவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் இவ்வோலைக்கே வேலையில்லை. அரச கொடை எதுவாயினும் முரசறைந்து, பெறுவோர் பெயரை அம்பலத்தில் வாசித்தே வழங்குவது இந்நாட்டு வழக்கம். வீரனுக்கு வாள் தருவதும் புலவனுக்கு யானை தருவதும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில், ஒரு கணமும் யோசியாமல், நாற்பத்தொரு பெயரையும் முரசறைந்து வாசிக்கக் கட்டளையிட்டான் இந்த மதிகெட்டவன். நாற்பது வீட்டார் முக்காடிட்டு வந்து நெல் பெற்றுச் சென்றனர். நாற்பத்தோராம் பெயர் சேந்தி. கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகளின் தாய். அவள் வரவில்லை. தன் பிள்ளைகளின் பசி தன் அடுப்புக்கு மட்டுமே தெரிந்திருந்ததென்றும், அதை ஊர் முரசுக்குச் சொன்னவர் யாரென்றும், அழைக்கப் போன முரசறைவோனிடம் கேட்டாளாம். மறுநாள் அவள் கதவு சாத்திக் கிடந்தது. வாசலில் இறக்கிய நெல்மூட்டை இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பதாகத் தங்கள் ஆள் வந்து சொன்னான்.

அவள் பிள்ளைகளோடு கணவாய்ப் பக்கம் போனதைக் கண்டவர் உண்டு. இளையவள் பூதிக்கு இரண்டு வயதாகியும் எழுந்து நிற்க வலுவில்லை என்று மருத்துவச்சி ஓலையில் குறித்திருக்கிறாள். மழை தொடங்க இன்னும் பத்து நாள். தொடங்கினால் கணவாய் அடைபட்டுவிடும். பசித்த வீட்டைக் கண்டுபிடித்து, அந்த வீட்டையே காலி செய்தவன் இந்த அமைச்சன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது, அம்மையீர்.

ஆதலின் இக்கட்டளை, வேண்டுகோள் என்றே கொள்க. இன்றே கணவாய்க்கு ஆள் விடுக. வேல் பிடித்தவர் வேண்டா; பூதி பிறந்தபோது அவளைக் கையில் ஏந்திய மருத்துவச்சியே பாலும் கம்பளியும் கொண்டு செல்க. மூன்று சபைகளின் ஓலைகளும் திங்கள்தோறும் ஒரே பாயில் விரிக்கப்படுக. அங்கே தெரிந்த பெயர் அந்தப் பாயைத் தாண்டாதிருக்க. நெல்வண்டி தங்கள் வீட்டில் தொடங்கித் தெருவிலுள்ள எல்லா வீட்டு வாசலிலும் நிற்க. யாருக்காக வந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டா.

'பசியறுத்தான்' பட்டம் மன்னர் காலடியில் வைக்கப்பட்டது. அதனால் இவ்வோலையில் அப்பட்டத்தின் முத்திரை இராது. அமைச்சனின் கைந்நாட்டே உண்டு. இவை அனைத்துக்கும் மன்னர் இசைந்தார்.

சேந்தி திரும்பி வரும் நாளில், அவள் பெயரை வாசித்த அதே அம்பலத்தில், அதே முரசை அறைந்து, நன்னாகன் செய்த பிழையை அவன் பெயர் சொல்லி வாசிக்க. கேட்டுக்கொண்டு அவன் அங்கே நிற்பான். அதுவரை முரசைக் கவிழ்த்து வைக்க. அவள் வாராள் எனில், அது கவிழ்ந்தபடியே கிடக்க.