திருச்செல்வத்தின் ஒன்பது மணிக் கூட்டம்

5 பிப்ரவரி, திங்கள்
இனி தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் நின்றபடியே கூட்டம். கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கும் புதுக் கணினிப் பிரிவுத் தலைவர் திருச்செல்வத்தின் உத்தரவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மென்பொருளில் புதிதாக ஏதாவது வெளியாக வேண்டுமாம். தேயிலைக் கொழுந்தின் எடையைப் போனில் பதியும் அந்த மென்பொருளை எழுதியவள் நான்.

"அந்த நேரத்துல நிறுக்கிறவங்க மலையில இருப்பாங்க சார். அவங்கள கேக்காம எப்படி?" என்றேன்.

எல்லார் முன்னாலும் சிரித்து, பேச்சின் முடிவில் ஒரு கோலாலம்பூர் 'லா'வும் போட்டார். "வசுமதி, இது உங்க லயத்துப் பஞ்சாயத்து இல்ல லா."

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். அதற்கென்ன?

6 பிப்ரவரி
பல் துலக்கும்போதும் அந்தச் சிரிப்பு. இரு, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.

14 பிப்ரவரி
வழி கிடைத்துவிட்டது. வாயைத் திறக்கவே போவதில்லை. எடை உடனே நேராக ஆபீஸுக்கு வரும்படி அவர் கேட்ட மாதிரியே எழுதினால் போன் லைன் எட்டாத இடத்தில் எடை பதியாது. மேல் மலையில் லைன் கிடையாது. அவருக்குத் தெரியாது. "எல்லாம் ஓகே சார்" என்றேன். என்ன இனிப்பு!

26 பிப்ரவரி
புது வெளியீடு மலையில் விழுந்தது. மேல் மலை எடை ஒன்றுகூடப் பதியவில்லை. மேனேஜர் துரை திருச்செல்வத்தைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கூப்பிட்டதோ, எடை போடும் ருக்குமணியக்காவை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. இவங்களுக்கு அமுக்கத் தெரியல" என்றார் திருச்செல்வம். நாளையிலிருந்து அக்காவுக்குக் களை பிடுங்கும் வேலை.

வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "நீ செஞ்சதுன்னு நம்பித்தாம்மா அமுக்குனேன்."

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? அந்தாளு மேல எறிஞ்ச கல்லு யாரு தலையில போயி—

27 பிப்ரவரி
துரையிடமே போனேன். "பதியாதுன்னு எனக்குத் தெரியும் சார். சொல்லாம இருந்தேன். அக்கா மேல தப்பில்ல." எனக்கு எச்சரிக்கை. அக்காவுக்குப் பழைய வேலை.

"அப்ப எப்படித்தான் செய்யணும்?" என்றார்.

விடுவேனா? கூட்டம் இனி எடைக் கொட்டகையில், காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுத்து முடிந்ததும். இரண்டு வாரக் கெடு கிடையாது. நிறுக்கிறவர்கள் மலையில் வைத்துப் பார்த்து, சரி என்றால்தான் வெளியீடு.

"தலைவரும் தினம் வரணும் சார். லோரியில."

கடைசியாகச் சொன்னது மட்டும் பழிக்காக. துரை தலையாட்டினார்.

4 மார்ச்
மழை. லோரியில் திருச்செல்வம் வாந்தி எடுத்தார். பளபளக்கும் சப்பாத்து கணுக்கால்வரை சேற்றில். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

22 மார்ச்
"கையுறை ஈரமா இருந்தா பட்டன் கேக்கல தம்பி" என்றாள் அக்கா. திருச்செல்வம் அந்த ஈர உறையை வாங்கித் தானே மாட்டி அமுக்கிப் பார்த்தார். தம்பியாம்! எனக்குத்தான் எரிச்சல்.

19 ஏப்ரல்
லைன் இல்லாமலே மேல் மலை எடை முழுவதும் பதிந்தது. "வசுமதி சொன்ன முறை சார்" என்று துரையிடம் சொன்னார் திருச்செல்வம். அந்தச் சிரிப்புக்கு மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நான் மறக்கவுமில்லை.

"திங்கள்லேருந்து நீங்க மலைக்கு வர வேணாம் சார்" என்றேன்.

"ஏன் லா?" என்றார், அக்கா கொடுத்த தேநீரை ஊதியபடி.

லோரியில் ஏறி, அவருக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.