மிச்ச மாத்திரை

பம்மல்,
14.8.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? என் காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டது, பயப்படாதே.

மிச்ச மாத்திரையை, நீ செய்வதுபோல, காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். என்னோடு தங்கியிருந்த சரளாவுக்கும் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் அதைத்தான் கொடுத்தேன். விடவில்லை. "இந்த மாத்திரைக்கெல்லாம் சாகாத கிருமிம்மா இது, தண்ணியில வந்திருக்கும். ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் டாக்டர். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சரளா இறந்துவிட்டாள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. ஹார்லிக்ஸ் பாட்டிலில் நீ சேர்த்துவைத்த மாத்திரைகளை யார் கேட்டாலும் கொடுக்காதே. இனிமேல் கருவாடு ஒருத்திக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

நேற்று படப்பையிலிருந்து சரளாவின் அம்மா அவள் பெட்டியை எடுத்துப்போக வந்தார். ஆஸ்பத்திரியில் மிச்சமான மாத்திரைகளை என் கையில் வைத்து, "தூக்கிப் போட மன்சு வர்ல கண்ணு. உனக்கு ஜொரம் வந்தா ஆவும், வெச்சிக்கோ" என்றார். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார். வாங்கிக்கொண்டேன்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது, அம்மா.

வசுமதி