காலிப் பெட்டிக்கு நான் போட்ட சாய்கோடு

இன்றைக்கு அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். ஒரகடம் கம்பெனியில் அசெம்பிளி லைன் ஓரமாகத் தொங்குமே பெரிய திரை, அதற்காக நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதின வெப் புரோகிராம். அடுத்த வாரம் புது சிஸ்டம் வருகிறதாம். பழையதை அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்கள். யார் எந்த நாளில் எதை மாற்றினார்கள் என்று வரிசையாக வரும் பட்டியலில் என் கண் ஒரே ஒரு வரியைத்தான் தேடியது. அந்த மாற்றத்தைச் செய்தவள் நான். அதற்கு நேரே இருப்பது உன் பெயர்.

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. தண்டலத்தில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த உன்னை லாரி அடித்துவிட்டது என்று போன் வந்தபோது நான் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் உனக்காகப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் தோன்றியது. அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அப்படிப்பட்ட பிறவி நான், தெரிந்துகொள்.

ஒரே மாதத்தில்தான் நாம் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள், நீ காண்ட்ராக்டிலேயே இருந்தாய். வேலையில் நீதான் கெட்டி. சர்வரிலிருந்து பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் கண்ட்ரோல்கள், அந்தச் சின்னச் சின்ன புரோகிராம் துண்டுகள் எல்லாம் நீ எழுதியவை. பார்ட்டின் படத்தைக் காட்ட ஒன்று, சூப்பர்வைசர் அறிவிப்பைக் காட்டும் பெட்டிக்கு ஒன்று. இங்கே படம் வரட்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் டேக்குக்கு உள்ளே எதுவும் வராது என்பதால் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, அந்த ஒரே டேக்கில் முடித்திருந்தாய். பெட்டிக்கு மட்டும், உள்ளே ஒன்றுமே இல்லாத நாளிலும், திறக்க ஒரு டேக், மூட ஒரு டேக் என்று தனித்தனியாக எழுதியிருந்தாய்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "காலிப் பெட்டிக்கு எதுக்குடி ரெண்டு டேக்? படத்துக்குப் பண்ண மாதிரி ஒண்ணுலயே முடிச்சிடலாமே" என்று கேட்டேன். நீ டீயை ஊதிக்கொண்டே சொன்னாய்: "படத்துக்கு ஒத்துக்கும். பெட்டிக்கு ஒத்துக்காதுடி. அந்தக் கோட்ட பிரவுசர் கண்டுக்கவே கண்டுக்காது, பெட்டி தொறந்தே கெடக்கும். கீழ கீற எல்லாத்தையும் உள்ள இஸ்துக்கும். இன்னா வேணா பண்ணு, அத்த மட்டும் தொடாத."

தொட்டேன். நீ லைனுக்குப் போயிருந்த அரை மணி நேரத்தில் தொட்டேன். உன் பேச்சு எப்போதும் சரியாகவே இருக்கிறதே என்கிற வயிற்றெரிச்சல், வேறொன்றும் இல்லை. என் பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தது. புதிதாக வாங்க ஃபாரம் எழுதி இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறையில் அதற்கெல்லாம் யார் காத்திருந்தார்கள்? எல்லோருடைய பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரியும். உன்னுடையதைப் போட்டு உள்ளே போனேன். பெட்டி காலியாக இருந்தால் ஒரே டேக்கில் சாய்கோட்டோடு முடியும்படி மாற்றினேன். பெட்டியில் ஓர் அறிவிப்பை வைத்துப் பார்த்தேன், பக்கம் அழகாக வந்தது. காலியாக விட்டுப் பார்க்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஷிப்டில் சூப்பர்வைசருக்கு அறிவிக்க ஒன்றும் இல்லை. பெட்டி காலியானால் திரையில் தெரியாமல் மறைந்துகொள்ளும்படி நீ முன்பே எழுதியிருந்தாய். அன்றைக்கு அது மறைந்தது. மூடும் டேக் இல்லாததால் தனக்குக் கீழே இருந்த அத்தனையையும் சேர்த்து மறைத்துக்கொண்டது. கீழே இருந்தது, அன்று முதல் எந்த பிராக்கெட்டை மாற்றிப் போட வேண்டும் என்கிற குறிப்பு. அதைப் பார்க்காமல் ஷிப்ட் முழுக்கப் பழைய பிராக்கெட்டையே மாட்டி அனுப்பினார்கள். மறுநாள் வாங்குகிற கம்பெனியின் லைன் நின்றது. பார்ட் செய்து கொடுக்கும் நம்மைப் போன்ற கம்பெனிக்கு அதைவிடப் பெரிய கெட்ட செய்தி கிடையாது.

மேனேஜர் லேப்டாப்பை உன் பக்கம் திருப்பினார். "ரெக்கார்டுல உன் பேருதாம்மா இருக்கு. நீதான் பண்ணியா?" நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "ஆமா சார்" என்றாய். அன்றைக்கே உன் காண்ட்ராக்டை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினாய். "பாஸ்வேர்ட குடுத்ததும் தப்புன்னுதான் சொல்வாங்க. நான் வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் வூட்டுக்குப் போவணும். உனக்குக் கைக்கொயந்த கீது. கொஞ்சம் சூடு ஆறட்டும், அப்பால நீயே போய் சொல்லு, இன்னா?"

"கண்டிப்பா" என்றேன்.

சூடு ஆறியது. ஆறி மூன்று வருஷம் ஆயிற்று. ஒருநாள் நீ போனில் "சொன்னியாடி?" என்று கேட்டாய். மேனேஜர் மாறிவிட்டார், புதிதாக வந்தவருக்குப் பழைய கதை தெரியாது என்று ஏதோ உளறினேன். "சர்தான் வுடு" என்றாய். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. பழைய கம்பெனியில் விசாரித்துவிட்டு ஒவ்வொருவரும் உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தண்டலம் பக்கம் ஒரு காலேஜ் ஆபீசில் டைப் அடிக்கும் வேலைக்குப் போனாய். அத்தனை திறமையும் அட்டெண்டன்ஸ் டைப் அடிக்கப் போயிற்று. இங்கேயே இருந்திருந்தால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தூங்கி வழிந்துகொண்டு உன் வீடு இருக்கும் குன்றத்தூரில் இறங்கியிருப்பாய். அந்த ரோட்டில் உனக்கு என்ன வேலை? இதைத் தினமும் நினைக்கிறேன். நினைத்து என்ன பிரயோஜனம்?

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டுதான் வந்தேன். அவர் எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவ்ளோ பெரிய கம்பெனி வேலைய கவனமில்லாம கெடுத்துக்கினாளேன்னு மூணு வருசமா திட்டிகினே இருந்தேம்மா. சோத்துல கை வெக்கும்போதுகூட சொல்லிக் காட்டுவேன். ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. தப்பு பண்ணவ எப்பிடிப் பேசுவான்னு நானும் நெனச்சிக்கினேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பர்மனென்ட்டுல கீற. நீயாவது உசாரா இரும்மா."

"சரிம்மா" என்றேன்.

காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவர் திட்டியதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. அது இன்னும் உன் பெயரில்தான் அந்த வீட்டில் இருக்கிறது. உன்மேல் தப்பில்லை என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.