மூன்று பேர் இருக்கும் வீடு

விம்பிள்டன்,
12 பெப்ரவரி 2023

அன்புள்ள மருமகள் ஜதுர்ஷிகாவுக்கு மாமி எழுதுவது.

இங்கே நானும் பிள்ளைகள் ஹரிசனும் யனுஷனும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். கவலைப்பட்டு மெலிகிற ஆள் நீ இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம், உடனே பதில் போட்டுவிடுவாய். உன் பதில் எனக்குத் தேவையில்லை. யாழ்ப்பாணம் வரும் ஜெராட்டின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விசா விஷயம் கேட்டிருந்தாய். வீடு என் பெயரில் இருக்கிறது. நீ இங்கே தங்கலாம் என்று நான் கையெழுத்து வைத்தால்தான் விண்ணப்பம் நகருமாம். ஹரிசன் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். நான் அதன் மேல் சுடுசட்டியை வைக்கிறேன்.

உனக்கு நிச்சயம் செய்ய ஒன்பது தட்டம் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒற்றைப்படையில் கொண்டுபோனால் பிரிவு வராது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அதைத்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். நீ சபை நடுவே சிரித்துக்கொண்டு, ஒன்பதை மூண்டாலை பிரிக்கலாம் மாமி, அது சேர்த்தி எண், முதன்மை எண் வேணுமெண்டால் ஏழு தட்டமெல்லோ கொண்டந்திருக்க வேணும் என்றாய். ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள் என்று எல்லோருக்கும் காட்டிவிட்டாய். உன் ஆட்கள் சிரித்தார்கள். ஹரிசனும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே டியூஷன் நடத்தும் சண்முகராசா மாஸ்டரிடம் கேட்டேன். நீ சொன்னது சரியாம். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் மீதியில்லாமல் வகுபட்டால் முதன்மை எண். வேறு எண்ணாலும் வகுபட்டால் சேர்த்தி எண். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு பிரியாது. நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது பிரியும். நன்றாகப் படித்துக்கொண்டேன் பிள்ளை.

ஹரிசனின் அப்பா இருந்தபோது நாங்கள் நான்கு பேர். அவர் எங்களை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போனார். மூன்றான பிறகுதான் இந்த வீடு உடையாமல் நிற்கிறது. நீ வந்தால் மறுபடி நான்கு. அது இரண்டு இரண்டாகப் பிரியும். யார் எந்தப் பக்கம் என்று உனக்கும் தெரியும். ஆகவே கையெழுத்து வைக்கமாட்டேன். கணக்குத் தெரிந்தவள், என்னைக் குறை சொல்லமாட்டாய்.

உன் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அவவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அங்கேயே நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமி சிவகௌரி


பார்க்கிங், கிழக்கு லண்டன்,
3 நவம்பர் 2024

மதிப்புக்குரிய மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யனுஷனும் மான்செஸ்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டதை அறிந்தோம். இவர் உங்கள் வீட்டை விட்டு வந்து, இங்கே வாடகைக்கு இடம் எடுத்து, அந்த விலாசத்தை வைத்து என்னைக் கூப்பிட்டதை இன்னும் மன்னிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் பேரனை வளர்க்க எங்களோடு வந்து இருக்க விருப்பமாம். விம்பிள்டனில் ஏறினால் ஒரே ரயிலில் பார்க்கிங் வரலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், தூரமில்லை.

ஒன்றும் முதன்மை எண்தானே பிள்ளை, தனியே இருந்தாலும் நான் உடையமாட்டேன் என்று பகிடியாகக் கேட்டிருந்தீர்கள். இல்லை மாமி. முதன்மை எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும். ஒன்றுக்கு அது மட்டும்தான். அது முதன்மையும் இல்லை, சேர்த்தியும் இல்லை. சண்முகராசா மாஸ்டர் சொல்ல மறந்திருப்பார்.

நீங்கள் ஜெராட் அண்ணையிடம் கொடுத்துவிட்ட கடிதத்தை இவருக்குக் காட்டினேன். இந்த முறை இவர் சிரிக்கவில்லை. உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்.

குளிர் தொடங்கிவிட்டது. செலவு பார்க்காமல் ஹீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். பேரன் நன்றாகப் பால் குடிக்கிறான். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்கள் வந்தால் நான்கு.

விம்பிள்டன் பிள்ளையார் எப்போதும் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஜதுர்ஷிகா